தனுஷ்கோடி வேண்டாம், தெற்குப் பார்த்த மாடி போதும்

கேள்வி: பத்து வயது மகளுக்கு 10×50 பைனாகுலர் வாங்கிக் கொடுத்திருக்கிறோம். பரமக்குடி வெளிச்சத்தில் ஒன்றும் சரியாகத் தெரிவதில்லை. தனுஷ்கோடியில் இரவு தங்கி நட்சத்திரம் பார்க்க முடியுமா? இல்லையென்றால் ராமநாதபுரம் கடற்கரையில் குடும்பத்தோடு போகிற மாதிரி இருட்டான, பயமில்லாத இடம் எது?

பதில்: தனுஷ்கோடியை மறந்துவிடுங்கள். பொழுது சாயும்போதே பயணிகளை வெளியே அனுப்பிவிடுவார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருபவை. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே கால் வைக்க முடியாது. “படகில் கூட்டிப் போகிறேன், யாருக்கும் தெரியாது” என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள்.

இந்தக் கரையில் இருட்டுக்குப் பஞ்சமில்லை. சிக்கல் வேறு. எதிரே இலங்கை. கடல் அட்டை, பீடி இலை, கஞ்சா, தங்கம் என்று கடத்தல் வழக்குகள் ஓயாத கரை இது. கடலோரப் பாதுகாப்புக் குழுமப் போலீஸும் கடலோரக் காவல் படையும் இரவிலும் கண் வைத்திருப்பார்கள். ஆளில்லாத மணலில் ஸ்டாண்டை நட்டுக்கொண்டு, கடல் பக்கம் டார்ச் அடிப்பவரை அவர்கள் விசாரிக்காமல் போனால்தான் ஆச்சரியம். பச்சை லேசர் பேனா இருந்தால் அது வீட்டிலேயே இருக்கட்டும். உச்சிப்புளியில் கடற்படையின் ‘பருந்து’ விமானத் தளம் இருக்கிறது. வானத்தில் லேசர் காட்டுவது எங்கேயும் தப்பு, இங்கே ரொம்பத் தப்பு.

அதனால் நான் சொல்வது கடற்கரை அல்ல, கடலோர ஊரில் தெரிந்தவர் வீட்டு மொட்டை மாடி. சொந்தக்காரர், உடன் வேலை பார்ப்பவர், மகளின் டீச்சர், யாராவது கிடைப்பார்கள். தண்ணீர், கழிப்பறை, பக்கத்தில் மனிதர்கள் எல்லாம் இருக்கும். பிள்ளை தூங்கிவிட்டால் கீழே படுக்க வைக்கலாம். இருட்டு தேடி ரோட்டை விட்டு இறங்கினால் சீமைக்கருவேலங்காடுதான். அதன் முள் செருப்பைத் துளைக்கும், டயரையும் விடாது. சுருட்டை விரியன் நடமாடும் மண் என்பதையும் மறக்க வேண்டாம். விடுதியில் தங்குவதாக இருந்தால், மாடிக்கு ஏற விடுவார்களா, மாடி விளக்கை அணைப்பார்களா என்று அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள்.

எந்தப் பக்கம் என்பது முக்கியம். நம் மாவட்டத்துக்கு இரண்டு கடல். அரியமான், தேவிபட்டினம், தொண்டி எல்லாம் பாக் நீரிணைப் பக்கம். அங்கே கடல் வடக்கிலோ கிழக்கிலோ இருக்கும், தெற்கே ஊர் வெளிச்சம் நிற்கும். அரியமானில் பகலில் குளிக்கலாம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நம் அட்சரேகைக்கு வடநாட்டுக்காரர்கள் பொறாமைப்படும் சொத்து தெற்கு வானம்தான். அதற்குக் கீழக்கரையிலிருந்து மேற்கே வாலிநோக்கம், மாரியூர், மூக்கையூர் வரை உள்ள மன்னார் வளைகுடாக் கரை வேண்டும். தெற்கே தெருவிளக்கே கிடையாது, கடல் மட்டும்தான். ஏர்வாடி ஊருக்குள் வேண்டாம். தர்கா, கடை, வாகனம் என்று விளக்கு அணையாத ஊர். வாலிநோக்கம் உப்பளப் பாத்திகள் ஆசை காட்டும். இரவில் உள்ளே இறங்காதீர்கள்.

ராமநாதபுரம் கரை ஏறக்குறைய 9 பாகை (டிகிரி) வட அட்சரேகையில் இருக்கிறது. கையை நீட்டி முஷ்டியைப் பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 பாகை. துருவ நட்சத்திரம் வடக்கே ஒரு முஷ்டி உயரம்கூட வராது. தெற்கே தென்சிலுவை என்கிற சிலுவை வடிவ நட்சத்திரக் கூட்டம் உச்சத்தில் இரண்டு முஷ்டி உயரம் ஏறும். அகத்தியர் நட்சத்திரம் (கனோபஸ்) மூன்றுக்குச் சற்றுக் குறைவு. தென்சிலுவை ஏப்ரல் நடுவில் இரவு 11 மணி வாக்கிலும், மே நடுவில் 9 மணி வாக்கிலும் உச்சத்தில் நிற்கும். உங்களுக்கு நான் சொல்லும் காலமும் அதுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம் என்பதால் கடலில் படகு விளக்குகள் குறையும். நாட்டுப்படகுகள் மட்டும் போய்வரும். மே கடைசிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். கச்சான் காற்று வலுத்துவிட்டால் மாடியில் ஸ்டாண்ட் நிற்காது, கண்ணில் மணல்தான். ஐப்பசி, கார்த்திகையில் மழை, கேட்கவே வேண்டாம்.

அமாவாசையன்றே போக வேண்டுமென்று இல்லை. அன்று சேதுக்கரை, ராமேஸ்வரம், தேவிபட்டினம் எல்லாம் தர்ப்பணக் கூட்டம். ரோடெங்கும் பஸ், வேன். அமாவாசைக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் போங்கள். நிலா விடிகாலையில்தான் எழும், இரவு முழுக்க உங்களுக்கு.

மாடிக்குப் போனதும் உடனே பைனாகுலரை எடுக்காதீர்கள். கண் இருட்டுக்குப் பழக 20, 30 நிமிடம் வேண்டும். நடுவில் யாராவது ஒருவர் வாட்ஸ்ஆப் திறந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித் தாளை இரண்டு மடிப்பாகக் கட்டுங்கள். பிறகு தென்சிலுவையைப் பாருங்கள். நான்கு நட்சத்திரம் சுலபமாகத் தெரியும். மங்கலான ஐந்தாவது வெறும் கண்ணுக்குத் தெரிந்தால் நல்ல வானம். சிலுவையின் கிழக்கு ஓரத்தில், பால்வீதியின் நடுவே ஒரு கறுப்புத் திட்டு தெரிந்தால் அந்த மாடியை விடாதீர்கள்; அது நட்சத்திர ஒளியை மறைக்கும் தூசி மேகம். ஒரு மணி நேரம் கழித்து அதற்கு மேலே இடது பக்கம் பைனாகுலரைத் திருப்பினால் ஒமேகா சென்டாரி பஞ்சு உருண்டையாகத் தெரியும். லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் கொண்ட கொத்து அது.

மணலில் நின்றுதான் பார்ப்பேன் என்றால், வெளிச்சம் இருக்கும்போதே போய் ஊர்த் தலைவரிடமும் அந்தப் பகுதிக் காவல் நிலையத்திலும் பெயர், வண்டி எண் சொல்லிவிடுங்கள். கடலோரப் போலீஸ் எண் 1093, கடலோரக் காவல் படை 1554. இரண்டையும் போனில் பதிந்துவையுங்கள்.

கடைசியாக பைனாகுலர். கடற்காற்றில் சில மணி நேரம் இருந்தாலே கண்ணாடியின் விளிம்பு விரலில் பிசுபிசுக்கும். அது உப்பு. வேட்டி நுனியாலோ துப்பட்டாவாலோ துடைத்தால் மேல் பூச்சில் கீறல் விழும். ரப்பர் பல்பால் ஊதிவிட்டு, லென்ஸ் தாளில் ஒரு சொட்டு டிஸ்டில்டு வாட்டர் விட்டு, அழுத்தாமல் ஒற்றி எடுங்கள்.