பேக்பைப் வாத்தியம் பெண் பிள்ளைக்கு ஆகுமா?

கேள்வி: லண்டனுக்குப் பக்கத்தில் இல்ஃபோர்டில் இருக்கிறோம். 11 வயது மகள் பேக்பைப் (பையில் காற்றை நிரப்பி வாசிக்கும் ஸ்காட்லாந்து வாத்தியம்) பழக ஆசைப்படுகிறாள். "அது ஆம்பிளைகள் ஊதுற வாத்தியம், பிள்ளைக்கு நெஞ்சு தாங்காது" என்கிறார் மாமியார். சேர்த்துவிடலாமா?

பதில்: தாராளமாகச் சேர்த்துவிடுங்கள். மாமியாரிடம் பெஸ்ஸி வாட்சன் கதையைச் சொல்லுங்கள். எடின்பரோவில் 1900-இல் பிறந்தவர். குடும்பத்தில் ஒருவருக்குக் காசநோய் வர, மகளின் நுரையீரல் பலப்படட்டும் என்றுதான் பெற்றோர் அவர் கையில் பேக்பைப்பைக் கொடுத்தார்கள். சின்ன உடம்புக்கு ஏற்றபடி அளவு குறைந்த வாத்தியம். 9 வயதில், 1909 அக்டோபரில், பெண்களின் வாக்குரிமைக்காக எடின்பரோவில் நடந்த ஊர்வலத்தில் வாசித்தார். சிறையில் இருந்த போராளிப் பெண்களுக்குக் கேட்கட்டும் என்று கால்டன் சிறைக்கு வெளியே நின்றும் ஊதினார். எனக்கு மிகவும் பிடித்த காட்சி இது.

'ஆம்பிளை வாத்தியம்' என்ற பேச்சுக்குக் காரணம் ராணுவம். பேக்பைப்பும் முரசும் சேர்ந்த பேண்ட் பிரிட்டிஷ் படைப்பிரிவுகளில் வளர்ந்தது. அந்தக் காலத்தில் அங்கே பெண்களுக்கு இடமில்லை. அந்த வழக்கத்தை உடைத்தவர்களில் முக்கியமானவர்கள் உங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள்தான். 1930-இல் டாகன்ஹாமில் ஜோசப் வாடிங்டன் கிரேவ்ஸ் என்ற பாதிரியார், ஞாயிறு பள்ளிச் சிறுமிகள் 12 பேரைக் கொண்டு ஒரு பேண்ட் தொடங்கினார். கிட்டத்தட்ட உங்கள் மகள் வயதுதான் அவர்களுக்கும். ஸ்காட்லாந்துப் பிள்ளைகள்கூட இல்லை, லண்டன் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகள். வெளியே காட்டாமல் பழகி, 1932-இல்தான் பத்திரிகைக்காரர்கள் முன் வாசித்தார்கள். அப்புறம் அதுவே அவர்களுக்குச் சம்பளம் தரும் தொழிலானது. ஐரோப்பா சுற்றினார்கள், போர்க்காலத்தில் படைவீரர்களுக்காக வாசித்தார்கள். பெண்கள் பேண்டை வெறும் வேடிக்கையாகப் பார்த்தவர்கள் முன்னால் அதைப் பிழைப்பாகவே நடத்திக் காட்டியதுதான் டாகன்ஹாம் பெண்களின் பெரிய சாதனை என்பேன்.

சரி, மகள் விஷயம். எடுத்ததும் பெரிய வாத்தியம் வாங்காதீர்கள். பையில்லாத பயிற்சிக் குழலில்தான் தொடங்க வேண்டும், விலையும் குறைவு. அதில் ஆறு மாதமோ ஒரு வருடமோ விரல் பழகட்டும். மொத்தம் ஒன்பது சுரங்கள்தான், ஆனால் சுரங்களுக்கு நடுவே விழும் நுணுக்கமான விரலடிகளுக்கு நாள் பிடிக்கும்.

பெரிய வாத்தியத்தில் மூச்சு நேராகக் குழலுக்குப் போவதில்லை, பையில் சேருகிறது. மூச்சு இழுக்கும் நேரத்தில் கை அந்தப் பையை அழுத்தி நாதம் அறாமல் பார்த்துக்கொள்ளும். தோளில் சாயும் மூன்று குழல்கள் நம் நாதஸ்வரத்துக்கு ஒத்து மாதிரி, ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டிருக்கும். எனவே தேவை முரட்டு மூச்சல்ல, சீரான மூச்சு. குழலுக்குள் அதிர்ந்து ஒலி எழுப்பும் நாணல் துண்டுதான் சீவாளி; ஆசிரியரிடம் இளகிய சீவாளியாகக் கேட்டு வாங்குங்கள். கெட்டிச் சீவாளி போட்டுக்கொண்டு திணறிப் பாதியில் விட்ட பிள்ளைகள் நிறைய.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: வாசித்து முடித்ததும் குழல்களைத் துடைத்து, பையை உலரவிட வேண்டும். உள்ளே ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும், அது நுரையீரலுக்கு ஆகாது. மகளுக்கு ஆஸ்துமா இருந்தால் முதலில் மருத்துவரைக் கேட்டுவிட்டு வகுப்பில் சேருங்கள்.