நாலு கட்டத்துக்குள் தமிழ்

அன்புள்ள ஐயா,

வணக்கம். கல்லூரிக் காலத்து நண்பர்கள் ஏழெட்டுப் பேர் ஒரு வாட்ஸப் குழுவில் இருக்கிறோம். மறைந்திருக்கும் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை ஊகிக்கும் 'வேர்டில்' (Wordle) என்ற இணைய விளையாட்டை ஆடி, பச்சையும் மஞ்சளுமாய் வரும் கட்டங்களைக் காலையில் பகிர்ந்துகொள்வது எங்கள் வழக்கம். இப்போது அதைத் தமிழில் ஆடிப் பார்க்கிறோம். ஆப் எதுவும் இல்லை. தினமும் ஒருவர் நாலெழுத்துச் சொல் ஒன்றை நினைத்துக்கொள்வார். மற்றவர்கள் ஆறு தடவைக்குள் கண்டுபிடிக்க வேண்டும். வண்ணக் கட்டங்களைச் சொல் வைத்தவரே அனுப்புவார்.

நன்றாகப் போய்க்கொண்டிருந்த ஆட்டத்தில் இப்போது சண்டை. மென்பொருள் துறையில் இருக்கும் நண்பர், தமிழ் இதற்குச் சரிப்படாது என்கிறார். ஆங்கிலத்தில் 26 எழுத்து, ஐந்து கட்டம் என்றால் 1 கோடியே 18 லட்சம் சேர்க்கைகள்தான் வரும், தமிழில் 247 எழுத்துக்கு நாலு கட்டத்திலேயே 372 கோடி வந்துவிடுகிறது என்பது அவர் கணக்கு. மதுரை நண்பர் 'வெள்ளன' என்ற சொல்லை வைத்தபோது சென்னைக்காரர்கள் அப்படி ஒரு சொல்லே கிடையாது என்றார்கள். இன்னொருவர் 'தர்மம்', 'சப்தம்' எல்லாம் தமிழ் இல்லை, வைக்கக் கூடாது என்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? இதில் மொழிக்கு என்று ஏதாவது இருக்கிறதா, அல்லது வெறும் பொழுதுபோக்குதானா?

அன்புடன்,
ஒரு வாசகர், சென்னை

---

அன்புள்ள நண்பருக்கு,

இருக்கிறது. நிறையவே இருக்கிறது. நானும் நண்பர்களோடு இந்த ஆட்டத்தைத் தமிழில் ஆடுகிறவன்தான். காலையில் காபி ஆறுவதுகூடத் தெரியாமல் ஆடுவோம். அதனால் உங்கள் கடிதத்தை மிகுந்த சந்தோஷத்தோடு படித்தேன்.

முதலில் அந்த 372 கோடி. பெருக்கல் சரி. ஆனால் எந்த எழுத்தும் எந்தக் கட்டத்திலும் வரலாம் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. தமிழ் அப்படி நடப்பதில்லை. 'அ' முதல் 'ஔ' வரை உள்ள உயிரெழுத்துகள் முதல் கட்டத்தில் வந்தால் உண்டு, அளபெடையை விட்டால் வேறு கட்டத்தில் வராது. புள்ளி வைத்த மெய்யெழுத்தோ முதல் கட்டத்தில் வரவே வராது. கடைசிக் கட்டத்தில் க், ச், ட், த், ப், ற் ஆறும் நிற்காது. வல்லினத்தில் முடிய வேண்டி வந்தால் நாம் ஓர் உகரத்தைச் சேர்த்துக்கொள்கிறோம்: காடு, காற்று, பாட்டு. வெளியிலிருந்து வந்த சொல்லையும் பேச்சில் விடுவதில்லை: புக்கு, ரோடு, கப்பு. இப்படி ஒவ்வொரு கட்டமாகக் கழித்துக்கொண்டே வந்தால் 372 கோடியில் பெரும்பகுதி ஆட்டம் தொடங்கும் முன்பே போய்விடும். மிஞ்சுவது தமிழ்ச் சொல் மாதிரி காதில் விழுபவை மட்டும்.

கட்டம் என்பதே தமிழுக்கு இயல்பான ஒன்று என்றும் நினைக்கிறேன். 'விகடகவி'யைத் திருப்பிப் படித்தாலும் விகடகவியாகவே இருப்பதற்குக் காரணம், நம் கண்ணுக்கு 'வி' ஓர் எழுத்து என்பதுதான். கணினிக்குள் அது 'வ' ஒன்று, இகரக் குறி ஒன்று என்று இரண்டு குறிகள். இதை உங்கள் மென்பொருள் நண்பர் என்னைவிட நன்றாகச் சொல்வார். ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் சீகாழிக்கு 'யாமாமாநீ யாமாமா' என்று தொடங்கி ஒரு பதிகம் முழுவதையும் மாலைமாற்றாக, அதாவது திருப்பிப் படித்தாலும் அதுவாகவே வரும்படி, பாடியிருக்கிறார், மூன்றாம் திருமுறையில் இருக்கிறது. எழுத்தைத் தனித்தனியாக எடுத்துக் கட்டத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் அவ்வளவு பழையது. அவ்வளவு ஏன், நம் குறுக்கெழுத்துப் புதிர்களில் 'வாலறுந்த பல்லி கடிக்க உதவும் (2)' என்று ஒரு குறிப்பு கொடுத்தால், கடைசி எழுத்தை வெட்டி 'பல்' என்று எழுத யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் ஆங்கில விதிகளை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். எழுத்தும் இடமும் சரி என்றால் பச்சை, எழுத்து உண்டு, இடம் வேறு என்றால் மஞ்சள், எழுத்தே இல்லை என்றால் வெள்ளை. எங்கள் வட்டத்தில் இவற்றோடு நீலத்தையும் சேர்த்திருக்கிறோம். இடம் சரி, மெய்யும் சரி, ஏறியிருக்கும் உயிர் மட்டும் வேறு என்றால் நீலம். இது இல்லாவிட்டால் 'கு' சொன்னவருக்கு 'கை' பக்கத்தில்தான் இருக்கிறது என்பது தெரியாமலே போய்விடும். உங்கள் நண்பர் பயப்படும் பெரிய எண்ணில் பாதி இந்த ஒரு வண்ணத்தில் அடங்கிவிடும்.

ஒரு நாள் ஆட்டத்தைச் சொல்கிறேன். முதலில் ஒருவர் 'விளக்கு' என்று போட்டார். வெள்ளை, வெள்ளை, பச்சை, நீலம் என்று வந்தது. மூன்றாவது எழுத்து க், நான்காவது ககர வரிசையில் ஒன்று, ஆனால் கு இல்லை. உடனே அடுத்தவர் 'உலக்கை' என்றார். கடைசி இரண்டும் பச்சை. முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தோம். அங்கேதான் சிக்கல். அறிக்கை, இருக்கை, படுக்கை, வேடிக்கை, வாடிக்கை, கோரிக்கை என்று வந்துகொண்டே இருக்கின்றன, மிச்சம் இருப்பதோ நாலு வாய்ப்பு. அறிக்கை போயிற்று. வேடிக்கை போயிற்று. கொஞ்ச நேரம் குழுவில் பேச்சே இல்லை. அப்புறம் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் கேட்டார்: "ரெண்டாவது எழுத்தும் ஏன் புள்ளி எழுத்தா இருக்கக் கூடாது?"

அந்தக் கேள்வி வந்ததும் எல்லாம் மாறிவிட்டது. க் என்ற புள்ளிக்கு முன்னால் இன்னொரு புள்ளி. ம்க்கை, ல்க்கை, ண்க்கை என்று நாங்கள் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தோம். நாக்கு எங்கும் நிற்கவில்லை. ய், ர், ழ் மூன்றில்தான் நின்றது. 'வாழ்க்கை' என்று போட்டோம், முதல் இரண்டும் வெள்ளை. கடைசி வாய்ப்பில் 'சேர்க்கை' விழுந்தது.

எங்களில் யாரும் இலக்கணப் புத்தகத்தைத் திறக்கவில்லை. ஆனால் நாங்கள் சொல்லிச் சொல்லிக் கண்டது தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தில் இருக்கிறது. யகர, ரகர, ழகர ஒற்றுகளுக்குப் பின்னால்தான் இன்னொரு ஒற்று வரும் என்கிறது ஒரு நூற்பா. வாழ்க்கை, பார்த்தான், வாய்க்கால், தாழ்ந்தது எல்லாம் அதற்கு அடங்கியவை. பள்ளியில் 'ஈரொற்று மயக்கம்' என்று மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த அதே விதிதான். வங்கி நண்பர் பள்ளியில் இலக்கணத்தைக் கண்டாலே ஓடியவர். அன்று அந்த நூற்பாவைப் படித்துக் காட்டச் சொல்லி இரண்டு முறை கேட்டார்.

இது மாதிரி இன்னும் பல இருக்கின்றன, ஆட ஆடத் தெரியும். க், ச், த், ப் நான்கும் சொல்லுக்குள் தன் வரிசை எழுத்தோடு மட்டுமே சேரும். ஒரு கட்டத்தில் 'ப்' பச்சையாகிவிட்டால் அடுத்தது பகர வரிசை என்று கண்ணை மூடிக்கொண்டு போடலாம். 'ங்' வந்தால் அடுத்தது அநேகமாக ககரம். 'அங்ஙனம்', 'இங்ஙனம்' போலச் சில விலக்குகள்தான். ஆனால் 'ட்', 'ற்' இரண்டும் தாராளமானவை: கட்சி, நட்பு, வெட்கம், முயற்சி. அங்கே அவசரப்படக் கூடாது. ழகரம் ஒருபோதும் இரட்டிக்காது. தனிக் குறிலுக்கு அடுத்து ர், ழ் இரண்டும் ஒற்றாக வராது. கல், கள், கண், பொன் என்று உண்டு, 'கர்', 'கழ்' என்று தமிழில் சொல் இல்லை.

இந்தக் கடைசி விதியில்தான் உங்கள் 'தர்மம்' மாட்டுகிறது. த என்ற குறிலுக்கு அடுத்து ர். 'சப்தம்' க், ச், த், ப் பற்றிச் சொன்ன விதியில் மாட்டுகிறது, ப்-க்கு அடுத்து தகரம். இரண்டும் வடமொழியிலிருந்து வந்தவை என்பதை அகராதியைப் பார்க்காமலே கட்டம் காட்டிக்கொடுத்துவிடுகிறது. தமிழ் அவற்றைத் தருமம், சத்தம் என்று தன் வாய்க்கு ஏற்றபடி மாற்றியும் வைத்திருக்கிறது. அதற்காக விலக்க வேண்டுமா? வேண்டாம் என்பது என் கட்சி. வீட்டில் பாட்டி 'தர்மம் தலைகாக்கும்' என்று சொல்கிற வரை அது நம் சொல்தான். வைக்கட்டும். ஆனால் விடை தெரிந்த பிறகு, எந்த இடத்தில் ஒலி தடுக்கிற்று என்று ஒரு நிமிஷம் பேசுங்கள். தூய தமிழ் வேண்டும் என்கிற உங்கள் நண்பரிடம் அதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கும். அவரையும் நான் தள்ளிவைக்க மாட்டேன். சத்தம் என்று ஒன்று இருப்பது அவர் கேட்டதால்தானே ஞாபகம் வருகிறது?

'வெள்ளன' விஷயத்தில் நான் மதுரைக்காரர் பக்கம். சீக்கிரமே வந்துவிடு என்பதை "நாளைக்கு வெள்ளன வந்துரு" என்று தெற்கே காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். கிழக்கு வெளுக்கிறது என்கிறோமே, அந்த வெளுப்புதான் இதிலும் இருக்கிறது.

வேர்டில் பிறந்த கதையே இதற்கு ஒரு பதில். ப்ரூக்ளினில் இருந்த ஜோஷ் வார்டில் என்ற பொறியாளர் தன் துணைவி பலக் ஷாவுக்காகச் செய்த விளையாட்டு அது. 2021 அக்டோபரில் எல்லோருக்கும் திறந்துவிட்டார். 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் வாங்கிக்கொண்டது. ஆங்கிலத்தில் ஐந்தெழுத்துச் சொற்கள் சுமார் 12,000 உண்டு. அத்தனையும் வைத்தால் யாருக்கும் விளங்காது என்று, பலக் ஷா உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, தனக்குத் தெரிந்த சொற்களைப் பிரித்தெடுத்தார். அப்படித் தேறியவை சுமார் 2,500. உலகம் முழுக்க லட்சக்கணக்கானவர்கள் ஆடிய பட்டியல் ஒரு பெண்ணுக்குத் தெரிந்த சொற்களிலிருந்து வந்தது.

உங்கள் குழுவிலோ ஏழெட்டுப் பேர் இருக்கிறீர்கள். ஏழெட்டு வீட்டுத் தமிழ், நாலைந்து ஊர்த் தமிழ். ஒரு பொதுப் பட்டியலை வைத்துக்கொண்டால் சண்டை இருக்காது, ஆனால் மதுரைக்காரரின் வெள்ளன சென்னைக்காரருக்குக் கிடைக்கவும் கிடைக்காது. எங்கள் ஏற்பாடு இதுதான்: ஊர் வழக்குச் சொல் வைப்பவர், அது எந்தப் பக்கத்துச் சொல் என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். விடை வந்த பிறகு அதை யார் சொல்லிக் கேட்டார், எந்த வாக்கியத்தில் கேட்டார் என்று சொல்ல வேண்டும். பாதி நாள் ஆட்டத்தைவிட அந்தப் பேச்சு நீண்டுவிடுகிறது. கொங்குப் பக்கத்து நண்பர் ஒருவர் தன் அம்மாவின் சொல் ஒன்றை வைத்துவிட்டு, அம்மாவைப் பற்றியே அரை மணி நேரம் பேசினார். அன்றைக்கு ஆட்டத்தில் யார் ஜெயித்தார் என்று எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை.

பொழுதுபோக்குதானா என்று கேட்டிருந்தீர்கள். பொழுதுபோக்குதான், நல்ல பொழுதுபோக்கு. சண்டையை நிறுத்தாதீர்கள், நீலத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நாளைக்குச் சொல் வைக்கும் முறை உங்களுடையது என்றால் 'ஈர்க்கு' வைத்துப் பாருங்கள். தென்னந்துடைப்பம் எல்லார் வீட்டிலும் இருக்கும், ஆனாலும் ஆறு வாய்ப்பும் தேவைப்படும்.

அன்புடன்.