ஒரே மூச்சில் அறுபது ஐட்டம்

அன்புள்ள அக்கா,

டெக்ஸாஸில் வீடு வாங்கி நான்கு வருஷம் ஆகிறது. இந்த முறை சொத்து வரி நோட்டீஸைப் பார்த்ததும் வந்த கோபத்தில், லீவு போட்டுவிட்டு எங்கள் கவுண்டியின் கமிஷனர்ஸ் கோர்ட் கூட்டத்துக்குப் போனேன். (கோர்ட் என்று பெயர்தான்; ஒரு ஜட்ஜும் நான்கு கமிஷனர்களும் கொண்ட கவுண்டி நிர்வாகக் குழு அது.) பிரார்த்தனை, இரண்டு கொடிகளுக்கும் உறுதிமொழி, ஓய்வு பெறும் ஒருவருக்குப் பாராட்டுப் பத்திரம், ஃபோட்டோ. அப்புறம் ‘கன்சென்ட் அஜெண்டா’ என்றார்கள், விவாதம் இல்லாமல் மொத்தமாக நிறைவேற்றும் பட்டியலாம். அறுபத்துச் சொச்சம் ஐட்டம். ஒருவர் முன்மொழிந்தார், ஒருவர் வழிமொழிந்தார், எல்லோரும் ‘ஐ’ (சம்மதம்) என்றார்கள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பிறகு எனக்கு மூன்று நிமிஷம் தந்தார்கள். வரி பற்றிப் பேசினேன். ஐந்து பேரில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. ஒருவர் தண்ணீர் குடித்தார். கடைசியில் எல்லோரும் எழுந்து மூடிய அறைக்குள் போய்விட்டார்கள்.

எனக்கு எல்லாமே பேசிவைத்த நாடகமாகத்தான் பட்டது. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே உத்திரமேரூரில் குடவோலை வைத்தவர்கள் நாம். நமக்கு இவர்கள் ஜனநாயகம் சொல்லித் தருகிறார்களா? இன்னொன்று, நான் கிரீன் கார்டுக்குக் காத்திருப்பவன். ஓட்டு கிடையாது. ஓட்டில்லாதவன் இதற்கெல்லாம் மெனக்கெடுவதில் அர்த்தம் இருக்கிறதா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்தபோது எங்கள் கவுண்டியின் வரைவு பட்ஜெட் என் சாப்பாட்டு மேஜையில் விரிந்து கிடந்தது. இங்கே பல கவுண்டிகளுக்கு அக்டோபர் 1-இல் நிதியாண்டு தொடங்குகிறது. அதனால் ஆகஸ்ட் பிறந்தால் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்துவிடும். வீட்டில் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு சோபாவுக்குப் போய்விடுவார்கள். நீங்கள் எழுதியிருப்பது நான் சில வாரங்களாக யோசித்துக்கொண்டிருந்த விஷயம்தான்.

முதலில், நீங்கள் லீவு போட்டுப் போனதற்கு ஒரு சபாஷ். கவுண்டி என்றால் கார் ரிஜிஸ்ட்ரேஷன் ஸ்டிக்கர் வாங்கும் இடம் என்று மட்டும் நினைத்தபடியே இங்கே பிள்ளைகளைக் காலேஜுக்கு அனுப்பிவிட்டவர்களை எனக்கு நிறையத் தெரியும். நீங்கள் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தீர்கள். ஆனால் அதற்காக நீங்கள் எழுதியதையெல்லாம் ஒப்புக்கொள்ள முடியாது.

குடவோலையை இங்கே இழுக்காதீர்கள். ஓலையில் பெயர் எழுத வேண்டுமானால் வரி கட்டும் சொந்த நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும், ஆணாக இருக்க வேண்டும். நீங்களும் நானும் குளக்கரையில் நின்று வேடிக்கைதான் பார்த்திருப்போம். அந்தக் கல்வெட்டில் எனக்குப் பிடித்த இடம் ஒன்றுதான். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரும், அவருடைய நெருங்கிய உறவினர்களும் மறுபடி நிற்கக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதைத் தவிர மற்றதை மேடைப் பேச்சாளர்களுக்கு விட்டுவிடுவோம்.

ஐந்து பேரும் கல்லாக உட்கார்ந்திருந்தார்கள் என்கிறீர்கள். அது திமிர் இல்லை தம்பி, சட்டம். அஜெண்டாவில் இல்லாத விஷயத்தை அவர்கள் விவாதிக்கவே கூடாது என்கிறது டெக்ஸாஸின் திறந்த கூட்டச் சட்டம். கையில் தகவல் இருந்தால் சொல்லலாம், அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்கிறோம் எனலாம், அதோடு சரி. அஜெண்டாவைப் பார்த்துவிட்டு ‘இன்றைக்கு நமக்கு அங்கே வேலையில்லை’ என்று வீட்டில் இருந்தவரின் முதுகுக்குப் பின்னால் எதுவும் முடிவாகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. அன்றைய அஜெண்டாவில் வரி விகிதம் இருந்ததா? நீங்கள் பார்த்துவிட்டுப் போயிருக்க மாட்டீர்கள். பார்த்திருந்தால் கடிதத்தில் எழுதியிருப்பீர்கள். மூடிய அறையும் அப்படித்தான். வக்கீலோடு வழக்குப் பற்றிப் பேசலாம், நிலம் வாங்குவது, ஆளை நீக்குவது பற்றிப் பேசலாம். ஓட்டெடுப்பு வெளியே வந்துதான்.

வரிக்கு வருகிறேன். வீட்டுக்கு மதிப்புப் போடுவது கவுண்டி இல்லை, அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் என்ற தனி அமைப்பு. அதை எதிர்த்து மனுப் போடப் பொதுவாக மே 15 கடைசி நாள். அப்போது எங்கே போயிருந்தீர்கள்? பில்லில் பொதுவாக மிகப் பெரிய பங்கு பள்ளி மாவட்டத்துக்குப் போகிறது. ஏற்கெனவே இருக்கும் சொத்துகளிலிருந்து கவுண்டி தன் பொதுச் செலவுக்கு எடுக்கும் தொகையை ஒரே வருஷத்தில் 3.5 சதவீதத்துக்கு மேல் உயர்த்த வேண்டுமானால், மக்களிடம் ஓட்டுக்குப் போக வேண்டும். 2019-இல் வந்த சட்டம் அது. பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டிய திட்டையும் சேர்த்துக் கமிஷனர்களுக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். சரி, விடுங்கள்.

இனி அந்த அறுபது ஐட்டம்.

ஒரே மூச்சில் நிறைவேற்றியது நாடகம் என்கிறீர்கள். இல்லை. அந்தப் பட்டியல் மூன்று வேலை நாள் முன்பே பொதுவில் வைக்கப்பட்டிருக்கும். எதில் பணம் போகிறது என்று ஒவ்வொரு வரியிலும் இருக்கும். சிறைக்கு ரொட்டியும் பாலும் சப்ளை செய்பவரின் ஒப்பந்தப் புதுப்பிப்பு, ஓடித் தேய்ந்த ஷெரீஃப் கார்களை ஏலம் விட அனுமதி, மாநிலம் தரும் ஒரு மானியத்தை ஏற்பது, புது லேஅவுட் ஒன்றின் வரைபடம், பத்துப் பக்கத்துக்கு பில்கள். ஆடிட்டர் பார்த்து ஒப்புக்கொள்ளாமல் எந்த பில்லுக்கும் பணம் போகாது. அந்த ஆடிட்டரை நியமிப்பவர்கள் கமிஷனர்கள் இல்லை, நிஜ நீதிமன்றங்களில் இருக்கும் டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜுகள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கை தூக்கச் சொன்னால் சாயங்காலம் வரை ரொட்டியும் பாலும்தான் ஓடும்.

நீங்கள் கோபப்பட வேண்டிய இடம் வேறு. அந்தப் பட்டியலின் பின்பக்கத்தில் ‘லைன் ஐட்டம் டிரான்ஸ்ஃபர்’ என்று ஒரு பகுதி இருந்திருக்கும். துறையின் பெயர், ஒரு கணக்கு எண்ணிலிருந்து இன்னொரு கணக்கு எண்ணுக்கு, இவ்வளவு டாலர். பார்த்தாலே கொட்டாவி வரும். பட்ஜெட் நிறைவேறிய பிறகு புதிதாகச் செலவைக் கூட்ட வேண்டுமானால் எதிர்பாராத, கடுமையான பொதுத் தேவை என்று காரணம் காட்ட வேண்டும். ஆனால் ஒரு தலைப்பில் ஒதுக்கியதை இன்னொரு தலைப்புக்கு மாற்ற அந்தத் தடை கிடையாது. கோர்ட் சரி என்றால் போதும். அது கன்சென்ட் பட்டியலில் வந்து, ‘ஐ’ என்ற ஒரே சத்தத்தில் போய்விடும். பட்ஜெட் என்பது ஒன்றாம் தேதி எழுதும் மளிகை லிஸ்ட். டிரான்ஸ்ஃபர் பக்கம் இருபதாம் தேதி அடுக்களை டப்பாக்களைத் திறந்து பார்ப்பது.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஸ்கூல் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆன ஓர் அம்மா. எங்கள் கோர்ட் ஹாலில் முன்வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். அஜெண்டாவை வீட்டிலேயே பிரிண்ட் எடுத்து, டிரான்ஸ்ஃபர் பக்கங்களை மட்டும் தனியாகக் கிளிப் போட்டு, பென்சிலால் சுழித்துக்கொண்டு வருவார். எங்கள் தெருக்கோடியில் மழை பெய்தால் முழங்கால் தண்ணீர் நிற்கும் ஓடை ஒன்று உண்டு. ஒரு வருஷம் பட்ஜெட் ஹியரிங்கில் அங்கே பெரிய கல்வர்ட் (சாலைக்கு அடியில் தண்ணீர் போகும் குழாய்ப் பாலம்) போடுவதாகக் கமிஷனர் அறிவித்தார். நாங்கள் கைதட்டினோம். அவரோடு படம்கூட எடுத்துக்கொண்டோம். வசந்தகாலத்தில் ஒரு கூட்டம். அந்த அம்மா வழக்கம்போல, பேச விரும்புகிறவர் தர வேண்டிய மஞ்சள் அட்டையை நிரப்பிக் கொடுத்து, கன்சென்ட் பட்டியலில் ஒரு வரியை மட்டும் தனியாக எடுக்கச் சொன்னார். கூட்டத்துக்குத் தலைமை வகிக்கும் கவுண்டி ஜட்ஜ் மூக்குக் கண்ணாடியை இறக்கி, ‘எந்தப் பக்கம் மேடம்?’ என்று கேட்டார். எங்கள் கல்வர்ட்டுக்கு ஒதுக்கியதில் பெரும்பகுதி கனரக இயந்திரப் பழுது என்ற கணக்குக்குப் போய்க்கொண்டிருந்தது.

கமிஷனர் எழுந்து விளக்கினார். சாலை சமன் செய்யும் கிரேடரின் கியர்பாக்ஸ் போய்விட்டது. அது ஓடாவிட்டால் அவர் பிரிசிங்ட்டில் (தொகுதியில்) உள்ள சரளைச் சாலைகள் அத்தனையும் குண்டும் குழியுமாகிவிடும். நியாயமான காரணம்தான். அந்த அம்மா சண்டை போடவில்லை. ‘அப்படியானால் கல்வர்ட் எப்போது?’ என்று மட்டும் கேட்டார். ‘அடுத்த பட்ஜெட்டில்’ என்றார் கமிஷனர். ‘அதை மினிட்ஸில் எழுதச் சொல்லுங்கள்’ என்றார் அம்மா. கிளர்க் தட்டச்சு செய்து முடிக்கும்வரை மைக்கை விட்டு நகரவில்லை. கல்வர்ட் ஒரு வருஷம் தாமதமாக வந்தது. கமிஷனரோடு படம் எடுத்துக்கொண்ட நாங்கள் யாரும் அந்த அம்மா கேட்ட அன்றைக்கு ஹாலில் இல்லை, நான் ஒருத்தியைத் தவிர. நானும் ஒரு கட்டுரைக்குக் குறிப்பெடுக்கத்தான் போயிருந்தேன்.

இன்னொரு வரியும் சொல்கிறேன். சிறைக் காவலர் சம்பளத்திலிருந்து ஓவர்டைமுக்கு. பல கவுண்டிகளில் இது வரும், உங்கள் பட்டியலிலும் தேடிப் பாருங்கள். 48 கைதிகளுக்கு ஒரு காவலர் இருந்தே ஆக வேண்டும் என்பது மாநில விதி. ஆள் வேலையை விட்டுப் போனால் அந்தச் சம்பளம் செலவாகாமல் மிஞ்சும். ஆனால் விதிக்காக இருப்பவரையே இரண்டு ஷிஃப்ட் நிற்க வைக்க வேண்டும். மிஞ்சிய சம்பளம் ஓவர்டைமுக்குப் போகும். இரண்டு ஷிஃப்ட் நின்று அலுத்தவர் அடுத்து விட்டுப் போவார். பிப்ரவரியில் சின்னதாக ஒரு டிரான்ஸ்ஃபர், ஏப்ரலில் அதைவிடப் பெரிதாக ஒன்று, ஜூனில் மறுபடி. செப்டம்பரில், சிறையை நடத்தும் ஷெரீஃப் வந்து சம்பளத்தை உயர்த்தினால்தான் ஆள் நிற்பார்கள் என்பார். அவரும் ஓட்டு வாங்கி வந்தவர், கமிஷனர்கள் உத்தரவிட முடியாது. அவர்கள் கையில் இருப்பது பணப்பை மட்டும். அப்போது நீங்கள் லீவு போட்டுவிட்டு வரியைக் குறை என்று மூன்று நிமிஷம் பேசுவீர்கள். பிப்ரவரியிலேயே ஒருவர் எழுந்து ‘எத்தனை காவலர் இடம் காலி?’ என்று கேட்டிருந்தால்?

வரி விகிதம் முடிவாகும் செப்டம்பர் கூத்துக்கு மட்டும் கூட்டம் கூடுகிறது என்பதுதான் என் ஆதங்கம். 2022-இல் ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் என்ன நடந்தது? மற்ற வேலைகளுக்கு ஐந்தில் மூன்று பேர் இருந்தால் கோரம் (குறைந்தபட்ச வருகை) சரி. வரி விதிக்க மட்டும் நான்கு பேர் வேண்டும். இரண்டு குடியரசுக் கட்சிக் கமிஷனர்கள் கூட்டத்துக்கே வராமல் இருந்தார்கள். மூன்று ஜனநாயகக் கட்சிக்காரர்கள் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில், ஏற்கெனவே இருக்கும் சொத்துகளிலிருந்து கவுண்டிக்குக் கூடுதல் வருமானம் வராத குறைந்த விகிதமே அமலானது. 2019-லும் இதே உத்தி. 47 லட்சம் பேர் வாழும் கவுண்டியின் வரியைக் காலி நாற்காலிகள் முடிவு செய்தன. டிவியில் நாள் முழுக்க அதுதான். ஆனால் அந்த மூன்று பேரை வைத்தே வருஷம் முழுக்க டிரான்ஸ்ஃபர்களை நிறைவேற்றலாம். அதைக் காட்ட எந்த கேமராவும் வராது. (மேற்கே லவ்விங் என்று ஒரு கவுண்டி இருக்கிறது. 2020 கணக்கெடுப்பில் மொத்தம் 64 பேர். அங்கேயும் ஒரு ஜட்ஜ், நான்கு கமிஷனர்கள்தான். கன்சென்ட் பட்டியலை ஊரே கூடிப் படிக்கலாம்.)

ஓட்டில்லை என்று ஏதோ கேட்டிருந்தீர்கள். அஜெண்டாவில் உள்ள எந்த ஐட்டத்தின் மேலும், அதை முடிவு செய்வதற்கு முன்பு, பொதுமக்களில் யார் வேண்டுமானாலும் பேசலாம். சட்டம் குடியுரிமை கேட்கவில்லை. அந்தப் பஸ் டிரைவர் அம்மாவிடமும் யாரும் வாக்காளர் அட்டை கேட்டு நான் பார்த்ததில்லை. வரி கட்டுகிறீர்கள், அந்த ரோட்டில்தான் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துப் போகிறீர்கள். கிரீன் கார்டு வரட்டும் என்று காத்திருந்தால் உங்கள் பிள்ளையே ஓட்டுப் போடும் வயதுக்கு வந்துவிடுவான்.

அடுத்த கூட்டத்தின் அஜெண்டா வந்ததும் டிரான்ஸ்ஃபர் பக்கங்களை மட்டும் எனக்கு அனுப்புங்கள். வரி நோட்டீஸை அனுப்பாதீர்கள். உங்கள் பிரிசிங்ட்டின் சாலைக் கணக்கை முதலில் பாருங்கள், ஓவர்டைமை அப்புறம். பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். பேனாவால் சுழித்தால் அழிக்க முடியாது, கணக்கு எண்கள் பாதி வரிக்குக் குழப்பத்தான் செய்யும்.

அன்புடன்,
அக்கா