செல்லுலார் சிறை: கேளுங்கள், சொல்கிறேன்

போர்ட் பிளேரில் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) 11 வருடம் வேலை பார்த்தவன் நான். ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் கேட்பது, "அந்த ஜெயில் எங்கே?" அப்படிக் கூட்டிக்கொண்டு போய்ப் போயே பாதி மனப்பாடம் ஆகிவிட்டது.

கே: வ.உ.சி. செக்கிழுத்தது அந்தமானில்தானே அண்ணா?

ப: இல்லை தம்பி, கோயம்புத்தூர் சிறையில். 1908-ல் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்தார், மொத்தம் 40 வருடம். மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோவை, கண்ணூர் சிறைகளில் இருந்துவிட்டு 1912-ல் வெளியே வந்தார். அந்தமான் கப்பல் ஏறவே இல்லை. அங்கேயும் செக்கு இருந்ததால்தான் இந்தக் குழப்பம். ஒரு நாளைக்கு ஒரு ஆள் 30 பவுண்டு தேங்காய் எண்ணெய் ஆட்ட வேண்டும், அதாவது 13 கிலோவுக்கு மேல். செக்கு மாடுகூட அவ்வளவு ஆட்டாது என்பார்கள். அளவு குறைந்தால் அடி, விலங்கு. 1912-ல் இந்து பூஷண் ராய் என்ற கைதி அறையிலேயே தூக்கு மாட்டிக்கொண்டார். உல்லாஸ்கர் தத் என்ற இன்னொரு கைதிக்குப் புத்தி பேதலித்தது.

கே: வைஸ்ராய் மேயோவைக் குத்திக் கொன்ற ஷேர் அலி எந்த அறையில் இருந்தார்?

ப: எந்த அறையிலும் இல்லை. அது நடந்தது 1872-ல். இந்தச் சிறையைக் கட்ட ஆரம்பித்ததே 1896-ல், முடித்தது 1906-ல். அவரைத் தூக்கிலிட்டது பக்கத்திலுள்ள வைப்பர் தீவில்.

கே: சாவர்க்கர் மன்னிப்புக் கடிதம் எழுதியது நிஜமா சார்?

ப: மனுக்கள் நிஜம். 1911 முதல் 1921 வரை அங்கே அடைபட்டிருந்ததும் நிஜம். சண்டையை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். என் வருத்தம் வேறு. எல்லாரும் அவருடைய அறை வாசலில் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். 1933-ல் கைதிகள் உண்ணாவிரதம் இருந்தபோது மூக்கு வழியாகக் குழாய் விட்டு வலுக்கட்டாயமாகப் பால் ஊற்றினார்கள். மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோஹித் மொய்த்ரா மூன்று பேரும் செத்துப்போனார்கள். அந்தப் பெயர்களை என்னிடம் கேட்டவர் இதுவரை ஒருவர்கூட இல்லை.

கே: சிறைக் கட்டடத்துக்கு ஏழு கிளை இருந்ததாகப் படித்தேன். நான் போனபோது மூன்றுதான் பார்த்தேன்?

ப: சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். 1942-ல் ஜப்பானியர் தீவைப் பிடித்தார்கள். அவர்கள் காலத்தில் இரண்டு கிளை போயிற்று. விடுதலைக்குப் பிறகு நம் ஆட்களே இன்னும் இரண்டை இடித்தார்கள். பழைய கைதிகள் எதிர்த்துக் குரல் கொடுத்ததால் மிச்சம் தப்பியது. 1979-ல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள். அதே வளாகத்தில்தான் கோவிந்த் வல்லப் பந்த் மருத்துவமனை இருக்கிறது. எனக்குக் காய்ச்சல் வந்தால் போனதும் அங்கேதான்.

ஜப்பானியர் காலத்தை யாரும் பேசுவதில்லை. வெள்ளைக்காரன் கட்டிய அதே அறைகளில் தீவு மக்களை ஒற்றர்கள் என்று சொல்லி அடைத்து வதைத்தார்கள். திவான் சிங் என்ற மருத்துவர், பஞ்சாபிக் கவிஞர், அந்தச் சித்திரவதையில்தான் 1944 ஜனவரியில் இறந்தார்.

கே: பாதாளச் சிறை, சங்கிலி எல்லாம் பார்க்கலாமா அண்ணே? பசங்க ஆசைப்படுகிறார்கள்.

ப: பாதாளச் சிறை கிடையாது. மூன்று மாடி, நல்ல வெளிச்சம், பக்கத்திலேயே கடல். பசங்க முதலில் ஏமாந்துதான் போவார்கள். இங்கே கட்டடமே தண்டனை. பொது அறை என்பதே இல்லை, 690-க்கு மேல் தனி அறைகள். நடுக் கோபுரத்திலிருந்து சக்கரத்து ஆரக்கால் மாதிரி கிளைகள் பிரியும். ஒரு கிளையின் வாசல்கள் அடுத்த கிளையின் முதுகைத்தான் பார்க்கும். எதிரில் ஒரு முகம் கிடையாது. காற்றுக்கு இருப்பது பின்சுவரில், தலைக்கு மேலே எட்டாத உயரத்தில் ஒரு சின்னச் சாளரம்.

ராத்திரி ஒலி-ஒளிக் காட்சியை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், இரைச்சல் அதிகம். பகலில் போய் ஏதாவது ஒரு அறைக் கதவின் தாழ்ப்பாளைப் பார்க்கச் சொல்லுங்கள். தாழ்ப்பாள் கதவில் முடியாது. நீளமாக வெளிச்சுவருக்குப் போய், அங்கே குடைந்த ஒரு குழிக்குள் பூட்டோடு உட்காரும். உள்ளே நின்று கம்பி வழியாகக் கையை விட்டுத் துழாவச் சொல்லுங்கள். என் மச்சான் ஆறடி ஆள், தோள்வரைக்கும் விட்டுப் பார்த்தான். பூட்டுக்கு இன்னும் ஒரு சாண் இருந்தது.