கமிட் செய்தியில் எவ்வளவு எழுதுவது?

கேள்வி: கும்பகோணம் அருகே பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மேட்டூர் அணையின் நீர் இருப்பையும் திறப்பையும் காட்டும் திறந்தமூலச் செயலி ஒன்றுக்கு ஒரு திருத்தம் அனுப்பினேன். கமிட் செய்தியாக, அதாவது நிரல் மாற்றத்தோடு சேர்த்துப் பதியும் குறிப்பாகப் ‘பிழை சரிசெய்யப்பட்டது’ என்று மட்டும் எழுதியிருந்ததால் பராமரிப்பாளர் திருப்பி அனுப்பினார். அடுத்து ஒரு பக்கம் எழுதினேன். அதற்கும் ‘இவ்வளவு எதற்கு?’ என்கிறார். எவ்வளவுதான் எழுத வேண்டும்?

பதில்: நீங்கள் இணைத்திருந்த திருத்தத்தைப் பார்த்தேன். அணைத் திறப்பை டி.எம்.சி.யாக மாற்றும் இடத்தில் 11,000 என்றிருந்த வகுஎண்ணை 11,574 ஆக்கியிருக்கிறீர்கள். எந்தக் கோப்பில், எந்த வரியில், எந்த எண் போய் எந்த எண் வந்தது என்பதைக் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் மென்பொருளான கிட் தானே காட்டிவிடும். உங்கள் ஒரு பக்கத்தில் முக்கால்வாசி அதையேதான் திரும்பச் சொல்கிறது. ஏன் மாற்றினீர்கள் என்பதுதான் எங்கும் இல்லை.

வினாடிக்கு ஒரு கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் 86,400 கனஅடி, ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கனஅடி. ஆகவே வினாடிக்கு 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் ஓடினால்தான் ஒரு டி.எம்.சி. ஆகும். 11,000 என்பது வாய்க்கணக்கு. வினாடிக்கு 10,000 கனஅடி வீதம் பத்து நாள் திறந்தால் போவது 8.64 டி.எம்.சி.; பழைய கணக்கு 9.09 என்று காட்டியிருக்கும். இருப்பு எத்தனை நாளைக்கு வரும் என்று பார்த்துக் குறுவைக்கு நாற்றுவிட நினைப்பவருக்கு அது சின்ன வித்தியாசமன்று. இந்த விவரத்தை மூன்று வாக்கியங்களில் எழுதினால் போதும். அதற்கு மேலே ‘திறப்புக் கணக்கில் டி.எம்.சி. வகுஎண்ணைத் திருத்து’ என்று ஒரு தலைப்பு வரி, அதன்கீழ் ஒரு வெற்று வரி. தலைப்பு ஐம்பது எழுத்துகளுக்குள் இருப்பது நல்லது. பட்டியலில் அது மட்டுமே தெரியும், நீண்டால் பல இடங்களில் வெட்டுப்படும்.

‘214ஆம் புகார் தீர்ந்தது’ என்று எண்ணை மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். கமிட் செய்தி ரெப்போவை, அதாவது நிரல் களஞ்சியத்தை, நகலெடுப்பவர் ஒவ்வொருவரிடமும் போய்ச் சேரும். புகார்ப் பட்டியலோ ஏதோ ஒரு நிறுவனத்தின் தளத்தில் இருப்பது. நிரல்களையும் புகார்களையும் வைத்திருந்த கூகுள் கோட் தளம் 2016இல் மூடப்பட்டதை நினைவில் வையுங்கள்.

இதில் ஒரு விலக்கை மட்டும் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். சில திட்டங்களில் நீங்கள் அனுப்பும் பல கமிட்களையும் பராமரிப்பாளர் ஒன்றாகச் சுருக்கி ‘ஸ்குவாஷ்’ முறையில் சேர்ப்பார். அப்போது உங்கள் ஒவ்வொரு செய்தியும் தனித்து நிற்பதில்லை. பெரும்பாலும் புல் ரிக்வெஸ்ட்டின் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்டு நீங்கள் அனுப்பும் விண்ணப்பத்தின்) தலைப்பே தலைப்பாகிவிடும், விளக்கமாக எது நிற்கும் என்பது அந்தத் திட்டத்தின் அமைப்பைப் பொறுத்தது. அங்கே இடைப்பட்ட கமிட்களுக்கு ஒரு வரி போதும். காரணத்தைப் புல் ரிக்வெஸ்ட்டின் விளக்கத்தில் எழுதுங்கள். பழைய வரலாற்றைப் புரட்டினால், ஒரு புல் ரிக்வெஸ்ட்டுக்கு ஒரே கமிட்டாகவே வந்திருக்கிறதா என்று பார்த்து இதைக் கண்டுகொள்ளலாம். ஒரே கமிட் அனுப்புகிறவர் இந்தச் சந்தேகத்தை வைத்துக்கொள்ளாமல் அந்தக் கமிட்டிலேயே முழுதாக எழுதிவிடலாம்.

நீங்கள் கேட்காவிட்டாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ‘கிட்ஹப் பக்கத்தில் பச்சைக் கட்டங்களை (எந்தெந்த நாளில் பங்களித்தீர்கள் என்று காட்டுபவை) நிரப்பித் தருகிறோம், வேலை நிச்சயம்’ என்று பணம் வாங்கும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். தயாராக வைத்திருக்கும் நிரலையும், இயந்திரம் எழுதிய நான்கு பத்திச் செய்தியையும் உங்கள் பெயரில் ஏற்றுவார்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னல் போன்ற திட்டங்களில் ‘சைன்ட்-ஆஃப்-பை’ என்றொரு வரி சேர்க்க வேண்டும். இதை அனுப்பும் உரிமை எனக்கு உண்டு என்று நீங்களே தரும் உறுதி அது. விலைக்கு வாங்கியதற்கு அந்த வரியைப் போட்டால் பொய் உறுதி தந்தவர் நீங்கள்தான். தரகர் பெயர் அங்கே வராது. பச்சைக் கட்டத்தை எண்ணி மதிப்பெண் போடும் கல்லூரிகளும், செய்முறைத் தேர்வுக்கு ரெக்கார்டு நோட்டு எழுத வைப்பதோடு கடமை முடிந்தது என்று கிட் பக்கமே திரும்பாத ஆய்வகங்களும் இருக்கும்வரை இவர்கள் பிழைப்புக்குக் குறைவில்லை.

உங்கள் திருத்தம் இன்னும் சேர்க்கப்படவில்லை என்பதால் ‘கமிட் அமெண்ட்’ கட்டளையால் செய்தியை மாற்றி, உங்கள் கிளைக்கே (திருத்தத்தை வைத்திருக்கும் உங்கள் தனி வரிசைக்கே) ‘ஃபோர்ஸ் புஷ்’ முறையில் மறுபடி அனுப்புங்கள். புதிய புல் ரிக்வெஸ்ட் தேவையில்லை. முதன்மைக் கிளையில் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட உங்கள் பழைய கமிட்கள் ஏதும் இருந்தால், செய்தி எவ்வளவு மோசமாக இருந்தாலும் அவற்றைத் தொடாதீர்கள்.