பிஸ்கட்டில் வேர்க்கடலையே சேர்க்கவில்லை, பிறகு ஏன் "வேர்க்கடலை கலந்திருக்கலாம்" என்று போடுகிறார்கள்?

சேர்மானத்தில் இல்லாத ஒவ்வாமைப் பொருள் தற்செயலாகக் கலந்துவிடலாம் என்பதற்கான எச்சரிக்கை அது. காலையில் கடலை பிஸ்கட் ஓடிய இயந்திரத்திலேயே மதியம் வெண்ணெய் பிஸ்கட் ஓடும். பூண்டு அரைத்த மிக்சி ஜாரைக் கழுவிவிட்டுத் தேங்காய்ச் சட்னி அரைத்துப் பாருங்கள். பிளேடுக்கு அடியில் ஒளிந்திருந்தது வாசம் காட்டிவிடும். அதே கதைதான்.

அதனால் இயந்திர இடுக்கு, கையுறை, மாவுத்தூசி என எங்கெல்லாம் ஒட்டும் என்று முதலில் பார்ப்பார்கள். கழுவியபின் பஞ்சுக்குச்சியால் துடைத்து, ஒவ்வாமை தரும் புரதம் மிச்சம் இருக்கிறதா என்று சோதிப்பார்கள் (கர்ப்பப் பரிசோதனை அட்டை மாதிரி கோடு விழும்). துல்லியமான அளவுக்கு ஆய்வகத்தில் எலைசா (அந்தப் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் முறை) சோதனை. 'குளூட்டன் (கோதுமை போன்றவற்றில் உள்ள புரதம்) இல்லாதது' என்று அச்சிட, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது. சாக்லேட் ஆலைகள் பாடுதான் திண்டாட்டம்: ஈரம் பட்டால் கிருமி வளரும், அதனால் தண்ணீர் விட்டுக் கழுவவே தயங்குவார்கள். முடிவில் ஒரு பாக்கெட்டை மட்டும் சோதித்தால் போதாது. கடலைத் துணுக்கு பக்கத்துப் பாக்கெட்டில் இருக்கலாம்.

அப்புறம், நன்றாக வறுத்தால் ஒவ்வாமை போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். சூட்டில் சாக அது கிருமி இல்லை, புரதம், வறுத்த கடலையும் அதே ஆபத்துதான்.