பேதுரு விலகிய பந்தி

கேள்வி: கிறிஸ்துவுக்குள் சாதி வேறுபாடு இல்லை என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறேன். ஆனால் உறவினர் வீட்டில் கல்யாணப் பேச்சு வந்து, “நம்ம ஆட்களிலேயே பாருங்கள்” என்று பெரியவர்கள் சொல்லும்போது தலையாட்டிவிட்டு வருகிறேன். அறிந்தபடி நடக்காத என் விசுவாசம் பொய்தானா?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: பொய் என்று சொல்லமாட்டேன், உங்களைத் தேற்றுவதற்காக அதைச் சிறு குறை என்று சொல்லவும் மனமில்லை. இதே இடத்தில் இடறியவர் அப்போஸ்தலனாகிய பேதுரு. எந்த மனிதனையும் தீட்டுள்ளவன் என்று சொல்லக் கூடாது என்பதை யோப்பாவில் தரிசனத்தின் வழியே உணர்ந்து, செசரியாவில் ரோம நூற்றுக்கு அதிபதியான கொர்நேலியுவின் வீட்டுக்குள் சென்று, அங்கேயே அதைத் தம் வாயால் அறிக்கையிட்டவர் அவர். அப்படிப்பட்டவர், அந்தியோகியாவில் யூதரல்லாத புறஜாதியாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டு வந்த நிலையில், எருசலேம் சபைத் தலைவரான யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். மற்ற யூத விசுவாசிகளும் விலக, பர்னபாவும் அதில் இழுப்புண்டார் என்று கலாத்தியர் நிருபத்தின் 2ஆம் அதிகாரம் சொல்கிறது.

பேதுருவுக்குச் சத்தியம் தெரியாமல் இல்லை. பார்ப்பவர்கள் மாறியதும் பயம் முந்திக்கொண்டது. ஆகவேதான் அந்த நிருபத்தை எழுதிய அப்போஸ்தலனாகிய பவுல் அவருக்குப் புதிய உபதேசம் எதையும் கற்பிக்கப் புறப்படாமல், எல்லாருக்கும் முன்பாக அவருடைய நடத்தையையே நேருக்கு நேர் கேட்டார். உங்களுக்கும் இன்னொரு வேதபாடம் தேவைப்படவில்லை என்றே நினைக்கிறேன்.

இந்தப் பயத்தை யாரும் தட்டிக் கேட்காமல் விட்டால், அது சபையின் வழக்கமாகவே ஆகிவிடும். நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கத்தோலிக்க ஆலயத்தில், சாதி பார்த்துத் தனித்தனியே நிற்பதற்காக இரண்டு கூடங்கள் அமைந்தன. ஒரே பீடத்தைப் பார்த்தபடி, ஒருவரையொருவர் பாராமல் மக்கள் ஜெபித்தார்கள். அந்தப் பிரிவினைச் சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. பிறனை நேசிக்க வேண்டும் என்ற கட்டளை அங்கே நற்கருணை வாங்கிய எவருக்கும் தெரியாததல்ல என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

அடுத்த முறை அந்தப் பேச்சு எழும்போது நீண்ட விவாதம் வேண்டாம். “எங்கள் வீட்டில் சாதி பார்க்கப்போவதில்லை, மாமா” என்று மரியாதையோடு, எல்லாரும் கேட்கும்படி சொல்லுங்கள். பேதுருவுக்கே ஒரு பவுல் தேவைப்பட்டிருக்க, நீங்கள் தனியாக நின்று சாதிக்க வேண்டியதில்லை. உங்கள் சபையில் முகத்துக்கு நேரே பேசக்கூடிய ஒருவரிடம் புறப்படும் முன்பே விஷயத்தைச் சொல்லி, திரும்பி வந்ததும் “சொன்னீர்களா?” என்று தவறாமல் கேட்கும்படி வேண்டிக்கொள்ளுங்கள்.